சூடாகும் 7805: ஹீட்சிங்கா, பக் மாட்யூலா, அதற்கும் முந்தைய வழியா?

மாடித்தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஒரு கன்ட்ரோலரை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், நான்கு 12 வோல்ட் சொலினாய்டு வால்வு, அவற்றைத் திறந்து மூட 5 வோல்ட் நான்கு-ரிலே போர்டு, வைஃபை உள்ள ஓர் ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, ஒரு 16×2 எல்சிடி. 12-ஐ 5 ஆக்க நடுவில் 7805 என்ற மூன்று கால் வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசி. மேசையில் ஒரே ஒரு ரிலேயை இழுத்துப் பார்த்தால் ஒழுங்காக ஓடும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி மாடிக்குக் கொண்டுபோனால் ரிலேக்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும், ஈஎஸ்பி32 தானாக ரீசெட் ஆகும், 7805-இன் உலோக முதுகில் விரல் வைக்க முடியாது.

"ஹீட்சிங்க் போடு" என்பதுதான் எங்கே கேட்டாலும் கிடைக்கும் முதல் பதில். ஐசியின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு அது. பலன் தரும் வழிதான். ஆனால் உண்டான வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யோசிக்கும் முன், அவ்வளவு வெப்பம் ஏன் உண்டாகிறது என்று பார்த்தால் பாதிக் கேஸ்களில் ஹீட்சிங்கே தேவைப்படாது. இந்த ஒரே கன்ட்ரோலரை வைத்து எல்லா வழிகளையும் எடைபோடலாம்.

முதலில் வாட் கணக்கு

7805 ஒரு லீனியர் ரெகுலேட்டர். வேண்டாத வோல்ட்டை வெப்பமாக்கித்தான் அதற்குத் தொலைக்கத் தெரியும். உள்ளே வரும் வோல்ட்டிலிருந்து வெளியே போகும் வோல்ட்டைக் கழித்து, ஓடும் ஆம்பியரால் பெருக்கினால் வெப்பம் எத்தனை வாட் என்று கிடைத்துவிடும்.

நம் கன்ட்ரோலரில் ஆம்பியர் எங்கே போகிறது? ரிலே போர்டுகளில் பரவலாக இருக்கும் நீலநிற 5 வோல்ட் ரிலேயின் காயில் (கம்பிச்சுருள்) ஏறத்தாழ 70 ஓம். ஒன்றுக்கு 71 மில்லிஆம்பியர். நான்கும் இழுத்தால், எல்இடிகளையும் சேர்த்து, சுமார் 290. வைஃபை ஓடும் ஈஎஸ்பி32-க்குச் சராசரியாக 130 வைத்துக்கொள்ளலாம். பின்விளக்கு எரியும் எல்சிடிக்கு 30. ஆக மொத்தம் 450 மில்லிஆம்பியர். 12-இல் 5 போக 7 வோல்ட்; 7-ஐ 0.45-ஆல் பெருக்கினால் 3.15 வாட்.

வெறும் டிஓ-220 உறையில் இருக்கும் 7805, ஹீட்சிங்க் இல்லாமல், ஒவ்வொரு வாட்டுக்கும் சுற்றியுள்ள காற்றைவிட ஏறத்தாழ 65 டிகிரி சூடாகும். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் காற்று 50 டிகிரி என்று கொண்டால், உள்ளே இருக்கும் சில்லு 125 டிகிரியைத் தாண்டாமல் இருக்க 75 டிகிரிதான் மிச்சம். அதாவது 1.15 வாட். 7 வோல்ட் வித்தியாசத்தில் அது வெறும் 165 மில்லிஆம்பியர். "7805 ஒரு ஆம்பியர் தரும்" என்று நம்பி வாங்கியவருக்கு இந்த இடத்தில்தான் அதிர்ச்சி. ஒரு ஆம்பியர் தரும் என்பது உண்மைதான்; அந்த வெப்பத்தை வெளியேற்றிக் கொடுத்தால் தரும்.

3.15 வாட்டை வெறும் 7805 தாங்காது. சில்லு 150 டிகிரியை நெருங்கியதும் அதன் உள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அவுட்புட்டைக் குறைத்துவிடும். ஆறியதும் மீண்டும் 5 வோல்ட் வரும். ரிலேக்கள் படபடப்பதற்கு இந்த ஏற்ற இறக்கம்தான் காரணம். மல்டிமீட்டர் இதைச் சராசரியாக்கி 4.3, 4.6 என்று ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். அதைப் பார்த்து ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று மாற்றினால் புதியதும் அதே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

அளக்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இன்புட் வோல்ட்டை அடாப்டரின் ஸ்டிக்கரைப் பார்த்து எழுதாமல், லோடு ஓடும்போது 7805-இன் காலிலேயே அளக்க வேண்டும். மின்னோட்டத்தை மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் சிவப்பு வயரைச் செருகி, இன்புட் வயரை வெட்டி இடையில் வைத்து அளக்க வேண்டும். அளந்து முடித்ததும் வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்தால் அடுத்த முறை வோல்ட் பார்க்கும்போது மீட்டரே சப்ளையை ஷார்ட் செய்யும்.

கணக்குக்கு மேல் சூடானால்

லோடு வயரைக் கழற்றிவிட்டு இன்புட் மட்டும் கொடுத்துப் பாருங்கள். 7805 தனக்கென்று எடுத்துக்கொள்வது 5 மில்லிஆம்பியர் அளவுதான். தொட்டால் வெதுவெதுப்பாகக்கூட இருக்கக் கூடாது. லோடு இல்லாமலே சுட்டால் கோளாறு வேறு. கால்கள் மாறியிருக்கலாம்: எழுத்து நம்மைப் பார்க்க, இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். அவுட்புட்டில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் தலைகீழாக இருக்கலாம். அல்லது கெபாசிட்டர்களே இல்லாமல் ரெகுலேட்டர் ஆசிலேட் ஆகிக்கொண்டிருக்கலாம், அதாவது அவுட்புட் நிலையாக நிற்காமல் அலைபாயலாம். இன்புட்டில் 0.33, அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக், இரண்டும் கால்களுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள். நீள வயரில் தள்ளி நிற்கும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் இந்த வேலையைச் செய்யாது.

இவை சரியாக இருந்தால், கோளாறு என்று எதுவும் இல்லை. கணக்குதான் சுடுகிறது. இனி வழிகள்.

ஆம்பியரைக் குறைப்பது

பலரும் தாண்டிப் போகும் வழி இது. என் கணிப்பில் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 450 மில்லிஆம்பியரில் 290 ரிலே காயிலுக்கே போகிறது. 12 வோல்ட்டை வெட்டி 5 ஆக்கி, அதில் காயிலை ஓட்டி, அந்தக் காயிலை வைத்து மறுபடி 12 வோல்ட்டைத் திறந்து மூடுகிறோம். ஏன்?

பைசா செலவில்லாத மாற்றம் நிரலில் இருக்கிறது: ஒரு நேரத்தில் ஒரு வால்வு மட்டும் திறக்கட்டும். மின்னோட்டம் 230-க்கு இறங்கும், வெப்பம் 1.6 வாட்டாகும். இன்னும் 1.15-க்கு மேலேதான், ஆனால் பாதி மலை இறங்கியாயிற்று.

அடுத்தது, ரிலேயையே தூக்கிவிடுவது. சொலினாய்டு வால்வு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் எடுக்கும் டிசி லோடு. அதற்கு ரிலே தேவையே இல்லை. வால்வு ஒன்றுக்கு ஒரு ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) போதும். சோர்ஸ் கிரவுண்டுக்கு, டிரெயின் வால்வின் ஒரு முனைக்கு, வால்வின் மறுமுனை 12 வோல்ட்டுக்கு. கேட்டை 220 ஓம் வழியாக ஈஎஸ்பி32-இன் 25, 26, 27, 33 போன்ற பின்களில் ஒன்றுக்குக் கொடுக்கலாம். 0, 2, 12, 15 ஆகியவை போர்டு எழும்போது நிலை பார்க்கப்படும் பின்கள், தவிர்த்துவிடுங்கள். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் கட்டாயம். இல்லாவிட்டால் பூட் ஆகும் வரை கேட் அந்தரத்தில் தொங்கி வால்வு தானாகத் திறக்கும். வால்வின் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம். ஐஆர்எஃப்540என் கைவசம் இருக்கிறது என்று அதைப் போடாதீர்கள். அது முழுதாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் கேட்கும், 3.3-இல் அரைகுறையாகத் திறந்து அதுவே சூடாகும்.

இப்போது 7805-இன் லோடு 160 மில்லிஆம்பியர். வெப்பம் 1.12 வாட். வெறும் உறைக்கே எல்லைக்குள் வந்துவிட்டது, ஆனால் மயிரிழையில். ஒரு சின்ன கிளிப் ஹீட்சிங்க் மாட்டினால் சில்லு 81, 82 டிகிரியில் நிற்கும்.

ரிலே 230 வோல்ட் மோட்டாரை ஓட்டுகிறது என்றால் மாஸ்ஃபெட் கதை நடக்காது. அப்போது 12 வோல்ட் காயில் ரிலேக்கு மாறலாம்: அதே நீல ரிலேயின் 12 வோல்ட் வகைக்குக் காயில் 400 ஓம், ஒன்றுக்கு 30 மில்லிஆம்பியர், அதுவும் நேராக 12-இலிருந்து. இதில் ஒரு பொறி உண்டு. உள்ளீடு லோ (0 வோல்ட்) ஆனால் இயங்கும் 12 வோல்ட் ரிலே போர்டின் உள்ளீட்டை ஈஎஸ்பி32-இன் காலில் நேராகச் செருகினால், கால் 3.3 வோல்ட்டுக்கு உயர்ந்தாலும் ஆப்டோகப்ளரின் (ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் பாகம்) எல்இடி வரிசைக்கு 8.7 வோல்ட் மிச்சமிருக்கும். ரிலே அணையவே அணையாது, சிப்பின் காலுக்கும் ஆபத்து. காயில் சப்ளையும் ஆப்டோ சப்ளையும் ஜம்பரால் பிரிக்கப்பட்ட போர்டாக வாங்கி, ஆப்டோவுக்கு 5, காயிலுக்கு 12 என்று தனித்தனியே கொடுக்க வேண்டும். அல்லது போர்டையே விட்டுவிட்டு யூஎல்என்2003ஏ டிரைவர் ஐசி ஒன்றில் நான்கு காயிலையும் கட்டி, அதன் 9-ஆம் காலை 12 வோல்ட்டுக்குக் கொடுத்தால் டயோடுகளும் உள்ளேயே கிடைத்துவிடும்.

ஹீட்சிங்க்

லோடைக் குறைக்க முடியாது, 3.15 வாட் 3.15 வாட்தான் என்று வைத்துக்கொள்வோம். 75 டிகிரியை 3.15-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 23.8 டிகிரி அனுமதி. அதில் சில்லிலிருந்து உறைக்கு 5, உறையிலிருந்து உலோகத்துக்கு, வெப்பம் கடத்தும் பேஸ்டுடன், சுமார் 1. மிச்சம் 17.8. கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் குட்டி யூ வடிவ ஹீட்சிங்க் 20-லிருந்து 25 வரை இருக்கும். ஆகவே அது போதாது! ஹீட்சிங்க் போட்டும் ரீசெட் ஆகிறது என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கழித்தல் கணக்குதான் இருக்கும். 10 டிகிரி வகையாகத் தேடி வாங்கினால் சில்லு 100 டிகிரியில் நிற்கும். ஓடும், ஆனால் தொட முடியாது.

தட்டையான 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடும் வேலை செய்யும். செங்குத்தாக நிறுத்திய 10 சென்டிமீட்டர் சதுரத் தகடு சுமார் 6 டிகிரி, 5 சென்டிமீட்டர் சதுரம் சுமார் 20 டிகிரி. எதுவானாலும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் பெட்டியின் காற்று மெல்ல மெல்லச் சூடேறி, நாம் போட்ட 50 டிகிரிக் கணக்கே பொய்யாகும். தகடு பெட்டிக்கு வெளியே, நிழலில் இருக்க வேண்டும்.

முதலில் திருகி, பிறகு சாலிடர் செய்யுங்கள். வரிசை மாறினால் இழுவிசை முழுவதும் சாலிடர் இணைப்பில் விழும். பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும். 7805-இன் உலோக முதுகு கிரவுண்டு என்பதால் நேராகத் தகட்டில் திருகலாம். வேறு ரெகுலேட்டர்களில் அப்படி இல்லை: எல்எம்317-இன் முதுகு அவுட்புட், 7905-இன் முதுகு இன்புட். அவற்றை ஒரே தகட்டில் மாட்டுவதானால் மின்சாரம் கடத்தாத மைக்காவும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் மாட்டக் கூடாது.

வெப்பத்தைப் பங்குபோடும் வித்தைகள்

இன்புட் வரிசையில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு 7805-இன் சுமையைக் குறைக்கலாம். 5.6 ஓம், 5 வாட், அந்த வெள்ளை நிற செங்கல் ரெசிஸ்டர். 0.45 ஆம்பியரில் அது 2.5 வோல்ட்டைத் தின்னும். 7805-க்கு 2 வாட் மிஞ்சும். பேராசைப்பட்டு 8.2 ஓம் போட்டால் வம்பு. வைஃபை அனுப்பும் நொடியில் மொத்தம் 0.62 ஆம்பியர் வரை எகிறும்போது ரெசிஸ்டரிலேயே 5.1 வோல்ட் விழுந்து 7805-க்கு 6.9 மட்டும் கிடைக்கும். அதற்கு அவுட்புட்டைவிட 2 வோல்ட் அதிகமாக, அதாவது 7 வேண்டும். ஈஎஸ்பி32 உடனே பிரவுன்அவுட் ரீசெட்டுக்கு (வோல்ட் குறைந்ததால் வரும் ரீசெட்) போகும். ரெசிஸ்டருக்குப் பிறகு, 7805-க்கு முன், ஒரு 470 மைக்ரோஃபாரட் இருந்தால் குறுகிய எகிறல்களை அது தாங்கும்.

ரெசிஸ்டருக்குப் பதில் 1என்4007 நான்கை வரிசையாகப் போட்டால் ஏறத்தாழ 3.2 வோல்ட் விழும், லோடு ஏறினாலும் பெரிதாக மாறாது. மாறும் லோடுக்கு இதுவே மேல். 9 வோல்ட் தரும் 7809-ஐ முன்னால் வைத்து 12, 9, 5 என்று இறக்கினால் 1.35 வாட், 1.8 வாட் என்று பிரியும், இரண்டுமே 1.15-க்கு மேல், ஆக இரண்டுக்கும் ஹீட்சிங்க் வேண்டும். இரண்டு 7805-ஐ அப்படியே இணையாகக் கட்டுவது மட்டும் வேண்டாம். எதன் அவுட்புட் சில மில்லிவோல்ட் அதிகமோ அதுவே மொத்தச் சுமையையும் இழுக்கும்.

இவை எல்லாவற்றிலும் பெட்டிக்குள் விழும் மொத்த வெப்பம் அதே 3.15 வாட். கைவசம் உள்ளதை வைத்துச் சமாளிக்க நல்லது; புதிதாக வடிவமைக்கும்போது நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

எல்டிஓ பற்றிய தவறான நம்பிக்கை

"எல்டிஓ போட்டால் சூடாகாது" என்று எங்கும் சொல்லப்படுகிறது. எல்டிஓ என்பது லோ டிராப்அவுட் வகை லீனியர் ரெகுலேட்டர். 12 வோல்ட்டிலிருந்து 5-க்கு இறக்கும் எல்லா லீனியர் ரெகுலேட்டரும், அது எல்எம்2940 ஆனாலும் ஏஎம்எஸ்1117 ஆனாலும், ஒரே ஆம்பியரில் ஒரே வெப்பத்தைத்தான் தரும். எல்டிஓ குறைந்த இன்புட்டிலும் ஓடும் என்பதே அதன் சிறப்பு; இன்புட்டைக் குறைத்தால்தான் பலன். 12 வோல்ட்டில் ஏஎம்எஸ்1117 இன்னும் மோசம்: உறை சின்னது, தாங்கும் இன்புட்டின் உச்சவரம்பே 15 வோல்ட். எல்எம்2940-ஐப் போடுவதானால் அவுட்புட்டில் 22 மைக்ரோஃபாரட்டுக்குக் குறையாத கெபாசிட்டர் வேண்டும், இல்லாவிட்டால் ஆசிலேட் ஆகும்.

டிரான்ஸ்பார்மர் வைத்துக் கட்டுபவர்களுக்கு இதே இடத்தில் ஒரு வார்த்தை. 12 வோல்ட் ஏசி, பிரிட்ஜும் கெபாசிட்டரும் தாண்டியதும் 15.6 வோல்ட் டிசி ஆகிவிடும். லோடு குறைந்தால் அதற்கும் மேல். 5 வோல்ட் மட்டுமே தேவை என்றால் 9 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் 2200 மைக்ரோஃபாரட்டும் சரியான ஜோடி: உச்சம் 11.3, 0.45 ஆம்பியரில் பள்ளம் 9.3 அளவு. அதே இடத்தில் 1000 மைக்ரோஃபாரட் போட்டால் பள்ளம் 7-க்குக் கீழே போய் அவுட்புட்டில் உறுமல் கேட்கும்.

பக் கன்வெர்ட்டர்

வேண்டாத வோல்ட்டை வெப்பமாக எரிக்காமல், மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடி வோல்ட்டை இறக்குவது பக். அந்த வகையில் எல்எம்2596 மாட்யூல் 12-ஐ 5 ஆக்கும்போது ஏறத்தாழ 80 சதவீதத் திறன். 2.25 வாட் லோடுக்கு இழப்பு 0.56 வாட், அதுவும் ஐசி, டயோடு, காயில் மூன்றுக்கும் பிரிந்து. தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். இன்னொரு லாபமும் உண்டு. 7805 அடாப்டரிலிருந்து 450 மில்லிஆம்பியரை அப்படியே இழுக்கும். பக் 235 மட்டும் இழுக்கும். நான்கு வால்வும் திறந்தால் 1.6 ஆம்பியர். 7805-உடன் கூட்டினால் 2.05, அடாப்டரின் எல்லை தாண்டிவிட்டது. பக் உடன் 1.84.

அப்படியானால் எல்லாரும் இதையே போடலாமே? போடலாம், மூன்று விஷயத்தைச் சரிசெய்துவிட்டு.

ஒன்று, வாங்கியதும் லோடைக் கட்டாதீர்கள். 12 வோல்ட் கொடுத்து, அவுட்புட்டில் மீட்டரை வைத்து, டிரிம்பாட்டை (வோல்ட்டை மாற்றும் குட்டித் திருகு ரெசிஸ்டர்) திருகி 5 வோல்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகே ஈஎஸ்பி32-ஐ இணைக்க வேண்டும். பல சுற்றுத் திருகும் பாட் அது; முதல் சில சுற்றில் எண் அசையாமல் இருக்கலாம்.

இரண்டு, அந்த டிரிம்பாட்தான் மாட்யூலின் பலவீனமான இடம். அதன் தொடர்பு விட்டுப்போனால் அவுட்புட் 12 வோல்ட்டை நோக்கி ஏறும், பின்னால் உள்ளதெல்லாம் போகும். தூசியும் ஈரமும் உள்ள மாடியில் இது கற்பனை பயம் இல்லை. பாட்டைக் கழற்றிவிட்டு நிலையான ரெசிஸ்டர் போடுவதே சரி. போர்டில் கிரவுண்டு பக்கம் 330 ஓம் இருந்தால், பாட் இருந்த இடத்தில் 1 கிலோஓம்: அவுட்புட் 4.96 வோல்ட். கூடவே அவுட்புட்டில் 5.6 வோல்ட் 5 வாட் ஜீனர் டயோடும் இன்புட்டில் 1 ஆம்பியர் ஃபியூசும் இருந்தால் நிம்மதி.

மூன்று, "3 ஆம்பியர்" என்ற எழுத்தை 1.5 என்று படியுங்கள். மலிவான போர்டுகளில் போலி ஐசி வரும். உண்மையான எல்எம்2596 150 கிலோஹெர்ட்ஸில் ஓடும். ஆசிலாஸ்கோப்பில் 50 பக்கம் தெரிந்தால் பெயர் மாற்றிய வேறு ஐசி என்று அர்த்தம். அந்த வேகத்துக்குப் போர்டில் உள்ள காயில் சிறியது, அதனால் அதிக லோடில் சூடாகும்.

சுவிட்சிங் இரைச்சல் ரிலேக்கும் வால்வுக்கும் பொருட்டே இல்லை. மண் ஈரப்பத சென்சாரை அனலாக் பின்னில் படிக்கிறீர்கள், அல்லது இதே சப்ளையில் ஆடியோ ஆம்ப் ஓடுகிறது என்றால் உறுத்தும். அப்போது பக்-ஐ 7.5 வோல்ட்டுக்கு வைத்து, அதன் பின்னால் பழைய 7805-ஐயே விட்டுவிடலாம். 2.5-ஐ 0.45-ஆல் பெருக்கினால் 1.13 வாட், வெப்பமும் கட்டுக்குள், இரைச்சலில் பெரும்பகுதியும் வடிகட்டப்படும்.

போர்டில் ஏற்கெனவே 7805-இன் மூன்று துளைகள் இருக்கின்றன, வேறு இடமில்லை என்பவர்களுக்கு டிராக்கோ டிஎஸ்ஆர் 1-2450, ரீகாம் ஆர்-78இ5.0-1.0 போன்ற மூன்று கால் சுவிட்சிங் மாட்யூல்கள் உண்டு. கால் வரிசை அதேதான், ஒரு ஆம்பியர் தரும், ஹீட்சிங்க் வேண்டாம், திருகுவதற்கு பாட்டும் இல்லை. விலை மட்டும் எல்எம்2596 மாட்யூலைவிடப் பல மடங்கு. ஒரே ஒரு போர்டைச் சரிசெய்ய இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

இந்தக் கன்ட்ரோலருக்கு எது?

மாஸ்ஃபெட் நான்கும், சின்ன ஹீட்சிங்க் மாட்டிய அதே 7805-உம். பாகங்கள் குறைவு, ரிலேயின் தேய்மானம் இல்லை, கெட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும். நாளை 5 வோல்ட் பக்கம் கேமராவோ எல்இடி பட்டையோ சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே பக், நிலையான ரெசிஸ்டருடன். வால்வுக்கு 12 வோல்ட் தேவைப்படாத திட்டமாக இருந்திருந்தால் பேச்சே இல்லை: 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், ரெகுலேட்டருக்கு ஓய்வு.

மாற்றிய பிறகு சோதனையை மேசையில் செய்யாமல், பெட்டியை மூடி, எல்லா லோடும் ஓட, ஒரு மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். மல்டிமீட்டருடன் வரும் கே-வகை தெர்மோகப்பிளின் முனையை 7805-இன் உலோக முதுகில் ஒட்டி மூடுங்கள். காட்டும் எண்ணுடன், வாட்டை 5-ஆல் பெருக்கிக் கூட்டினால் சில்லின் வெப்பநிலை கிடைக்கும். 110-ஐத் தாண்டினால் இன்னும் ஒரு படி குறைக்க வேண்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்தான் இருக்கிறது என்றால் முதுகில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு அதன்மேல் காட்டுங்கள். பளபளக்கும் உலோகத்தில் நேராகக் காட்டினால் உண்மையைவிட மிகக் குறைவாகச் சொல்லும்.